அரைக்கால் யூனிட்

எங்கள் கல்லூரியில் சென்ற ஆண்டு புதிய கட்டடம் ஒன்று எழும்பியது. இயற்பியல் வகுப்பின் ஜன்னல் வழியே பார்த்தால் அதன் பூசப்படாத படிக்கட்டு நன்றாகத் தெரியும். அதில் ஒரு சித்தாள் தலையில் செங்கல் சுமந்து ஏறுவார், வெறுங்கையோடு இறங்குவார், மீண்டும் ஏறுவார். நான் அப்போது 'வேலை, ஆற்றல், திறன்' பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். புத்தகக் கணக்கை விட்டுவிட்டு அந்த அம்மாவையே கணக்காக எடுத்துக்கொள்வோம் என்றேன்.

எட்டுச் செங்கல்லும் அடிப்பலகையும் சேர்த்து 25 கிலோகிராம். ஏற வேண்டிய உயரம் 9 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தை, கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, 10 என வைத்துக்கொண்டோம். ஒரு நடைக்குச் செங்கல்லின் மேல் செய்யப்படும் வேலை 25 × 10 × 9 = 2,250 ஜூல். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று கொத்தனாரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். எண்பது நடை. ஆக மொத்தம் 1,80,000 ஜூல்.

மின்சாரம் அளக்கும் ஒரு யூனிட் என்பது 36,00,000 ஜூல். வகுத்துப் பார்த்தால், அந்த அம்மா ஒரு நாள் முழுவதும் செய்த வேலை ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்கு!

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சார், இருபதில் ஒரு யூனிட்டுக்கா அவ்வளவு கூலி கொடுக்கிறார்கள்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் போட்ட கணக்கில் பிழை இல்லை. ஆனால் அவன் கேள்வியில் ஒரு பிழை இருந்தது. அது என்ன என்று சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உழைப்பிலிருந்து பிறந்த சொல்

இயற்பியலில் வேலை என்றால் என்ன? விசையை, அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தொலைவால் பெருக்கினால் கிடைப்பது வேலை. இதை நீங்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆனால் இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது தெரியுமா?

மின்னூட்டங்களுக்கு இடையே உள்ள விசைக்கு விதி கண்ட கூலும் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியை அறிவீர்கள். அவர் இராணுவப் பொறியாளர். கோட்டை கட்டும் இடத்தில் ஆட்கள் மண் சுமப்பதையும் படியேறுவதையும் பல ஆண்டுகள் கவனித்தவர். ஒரு மனிதனால் ஒரு நாளில் எவ்வளவு வேலை செய்ய முடியும், எவ்வளவு சுமை கொடுத்தால் களைப்புக் குறைவாகவும் பயன் மிகுதியாகவும் இருக்கும் என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதினார். பின்னர் 1829ஆம் ஆண்டில் கொரியாலிஸ் என்ற மற்றொரு பிரெஞ்சு விஞ்ஞானி, விசையையும் தொலைவையும் பெருக்கி வரும் அளவுக்கு ஒரு பெயர் சூட்டினார். பிரெஞ்சு மொழியில் உழைப்பைக் குறிக்கும் சொல்லையே அவர் அதற்கு எடுத்துக்கொண்டார்.

எனவே இயற்பியலின் 'வேலை' என்ற சொல் சுமை தூக்கும் மனிதரிடமிருந்து வந்ததுதான். ஆனால் வரும்போது அது ஒன்றை விட்டுவிட்டு வந்தது. எதை விட்டது என்று பார்க்க, உங்களை எங்கள் ஊருக்கு அழைத்துச் செல்கிறேன்.

எங்கள் மலை வீடு

நான் பிறந்தது கீழ்ப் பழனி மலையில் ஒரு சிற்றூரில். அடிவாரத்திலிருந்து 700 மீட்டர் உயரம். என் சிறு வயதில் அங்கே சாலை கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். வசதி உள்ளவர்கள் மட்டக்குதிரையில் மூட்டை ஏற்றுவார்கள். மற்றவர்களுக்குத் தலைதான்.

வீட்டுச் சுவர் நாங்களே குழைத்து வைத்த மண். கூரை நாங்களே அறுத்து வேய்ந்த புல். சாமையும் கேழ்வரகும் வீட்டை ஒட்டிய சரிவில் விளையும். அவரைக்கொடி வேலியில் படரும். மலை வாழையும் கொஞ்சம் காப்பியும் மிளகும் விற்பனைக்கு. இரண்டு மாடு, நாலைந்து ஆடு, கோழி. உப்பு, மண்ணெண்ணெய், துணி, இரும்பு இந்த நான்கு தவிர மற்ற எல்லாம் வீட்டைச் சுற்றியே கிடைத்துவிடும்.

இன்று நகரத்து நண்பர்கள் சிலர் இதைக் கேட்டுவிட்டு, "ஆகா, இதுவல்லவா வாழ்க்கை! நாங்களும் மலையில் ஒரு துண்டு நிலம் வாங்கி இப்படி வாழப் போகிறோம்" என்கிறார்கள். நல்லதுதான். காற்று சுத்தம், உணவு சுத்தம், ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஆனால் நான் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்: "தண்ணீர் யார் எடுப்பது?"

எங்கள் வீட்டில் சாமை குத்துவது அம்மாவின் காலை வேலை. உலக்கையின் எடை 3 கிலோகிராம். ஒவ்வொரு முறையும் 60 சென்டிமீட்டர் உயர்த்திப் போடுவார். ஒரு தூக்குக்கு 18 ஜூல். நிமிடத்துக்கு 40 குத்து என்றால் ஒரு மணி நேரத்தில் 2,400 குத்து, 43,200 ஜூல். யூனிட் கணக்கில் சொன்னால் எண்பதில் ஒரு பங்குதான். அந்தக் குத்தோடுதான் எங்கள் வீட்டில் பொழுது விடியும்.

அம்மா ஏறிய மலை

வாரத்துக்கு ஒரு நாள் அம்மா சந்தைக்குப் போவார். விடியுமுன் வாழைத்தாரோடு இறங்குவார். மாலைக்குள் வீட்டுக்கு வேண்டிய சாமான் 20 கிலோ சுமந்துகொண்டு மேலே வருவார். அம்மாவின் எடை 45 கிலோ. ஆக 65 கிலோ, 700 மீட்டர் ஏறுகிறது.

65 × 10 × 700 = 4,55,000 ஜூல்.

இதை யூனிட்டாக மாற்றினால் எட்டில் ஒரு பங்கு. நம் பழைய வாய்பாட்டில் இதற்கு அரைக்கால் என்று பெயர். மூன்று மணி நேரம், வழியெல்லாம் வியர்வை, இரண்டு ஓடை, எண்ணற்ற கல். எல்லாம் சேர்ந்து அரைக்கால் யூனிட்! மின் கட்டணத்தில் இதற்கென்று ஒரு வரி கூட எழுத மாட்டார்கள்.

இன்னொரு வகையாகவும் பார்க்கலாம். 4,55,000 ஜூலை மூன்று மணி நேரத்துக்கு உரிய 10,800 விநாடியால் வகுத்தால் 42 வாட் வருகிறது. அந்த நாளைய 40 வாட் குண்டு பல்பு ஒன்று எரிய எவ்வளவு திறன் வேண்டுமோ, ஏறத்தாழ அவ்வளவு. நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் நாள் முழுதும் விடாமல் உழைத்தால் சராசரியாக 75 வாட் வரை தர முடியும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். அப்படியானால் உங்கள் வீட்டுக் கிணற்றில் உள்ள ஒரு குதிரைத்திறன் மோட்டார், பத்து ஆட்களின் திறன் கொண்டது.

உடல் இந்த வேலைக்கு எவ்வளவு செலவழித்தது? தசை என்பது 100க்கு 25 பங்கு பயன் தரும் இயந்திரம். மீதி 75 பங்கு வெப்பமாகப் போகிறது. மலை ஏறினால் வியர்ப்பது இதனால்தான். ஆகவே 4,55,000 ஜூல் வேலைக்கு அதைப் போல் நான்கு மடங்கு, அதாவது 18,20,000 ஜூல் உணவாக வேண்டும். கலோரிக் கணக்கில் ஏறத்தாழ 430 கிலோ கலோரி. 125 கிராம் தானியத்தில் இது கிடைத்துவிடும். ஒரு ஆழாக்குக்குச் சற்றுக் குறைவு.

ஆக, ஆழாக்குச் சாமையைப் போட்டால் அரைக்கால் யூனிட் வேலை கிடைக்கும். கணக்கு இத்துடன் முடிந்தது என்றுதான் பாடப் புத்தகம் சொல்லும். ஆனால் முடியவில்லை.

சமதளத்தில் வேலையே இல்லையா?

அடிவாரத்திலிருந்து சந்தை இரண்டு கிலோமீட்டர், எல்லாம் சமதளம். சுமையைத் தாங்கும் விசை மேல்நோக்கி இருக்கிறது. நகர்வு பக்கவாட்டில் இருக்கிறது. இரண்டும் செங்குத்து. எனவே சுமையின் மேல் செய்யப்பட்ட வேலை சுழியம்!

இதை நான் கல்லூரியில் படித்த ஆண்டு விடுமுறையில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்போ அடுத்த வாரம் நீயே தூக்கிட்டு வா" என்றார்.

வேலை சுழியம் என்றால் கழுத்து ஏன் வலிக்கிறது? ஒரு மேசை ஆண்டுக்கணக்கில் சுமையைத் தாங்கி நிற்கும். அதற்கு எந்த ஆற்றலும் செலவாவதில்லை. தசை மேசை அல்ல. அதற்குள் ஆக்டின், மயோசின் என்ற இரண்டு வகைப் புரத இழைகள் இருக்கின்றன. மயோசின் இழையின் நுண்ணிய தலைகள் ஆக்டினைப் பிடித்து இழுக்கின்றன; விடுகின்றன; மறுபடியும் பிடிக்கின்றன. ஒவ்வொரு பிடிக்கும் ஏ.டி.பி. என்ற வேதிப்பொருள் செலவாகிறது. சுமை அசையாமல் நின்றாலும் உள்ளே இந்த இழுபறி ஓயாது. வெளியே வேலை சுழியம். உள்ளே செலவு சுழியம் அல்ல. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் சில சென்டிமீட்டர் எழும்பித் தாழ்வதால் செலவு இன்னும் கூடும்.

பாரம் சுமப்பவர்கள் இதைக் குறைக்கும் வழிகளை ஏட்டறிவு இல்லாமலே கண்டுபிடித்திருக்கிறார்கள். தலையில் வைக்கும் சும்மாட்டைப் பாருங்கள். விசை அதேதான், பரப்பு பெரிதானதால் அழுத்தம் குறைகிறது. சுமை முதுகெலும்புக்கு நேர் மேலே இருப்பதால் உடலை ஒரு பக்கம் சாய்க்கும் திருப்பு விசையும் இல்லை.

கென்யா நாட்டு லூவோ, கிக்குயு இனப் பெண்கள் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமந்தாலும், வெறுமனே நடப்பதைவிட மிகுதியாக ஆற்றல் செலவழிப்பதில்லை என்று 1986இல் ஒரு ஆய்வு காட்டியது. நடக்கும்போது நம் உடல் தலைகீழ் ஊசல் போல் ஆடுகிறது. அந்த ஊசலாட்டத்தில் நிலை ஆற்றலும் இயக்க ஆற்றலும் ஒன்று மற்றொன்றாக மாறுவதைச் சுமையோடு நடக்கையில் அவர்கள் இன்னும் சீராகச் செய்கிறார்கள் என்பது 1995இல் தெரிய வந்தது.

எவரெஸ்டு மலைப் பக்கத்து நாம்சே சந்தைக்குச் சுமை கொண்டு போகும் நேபாளத்துக் கூலிகளைப் பற்றிய ஆய்வு 2005இல் வெளிவந்தது. காட்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வழி; ஏழு முதல் ஒன்பது நாள் நடை. ஆண்கள் சராசரியாகத் தம் எடையில் பத்தில் ஒன்பது பங்கும், பெண்கள் மூன்றில் இரண்டு பங்கும் சுமந்தார்கள். நெற்றியில் ஒரு பட்டையை மாட்டி, முதுகுக் கூடையை அதில் தொங்கவிட்டு, மெதுவாக நடந்து, அடிக்கடி நின்று இளைப்பாறி ஏறுவது அவர்கள் முறை.

இளைப்பாறுதல் என்றதும் நம் ஊர்ச் சுமைதாங்கிக் கல் நினைவுக்கு வருகிறதா? இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்திருப்பார்கள். தலைச்சுமையை அப்படியே அதன் மேல் தள்ளிவிடலாம். கிளம்பும்போது குனிந்து தரையிலிருந்து தூக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் தானே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாக இக்கற்களை நாட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. சுமப்பவரின் வலியை அறிந்த யாரோதான் இதை முதலில் எண்ணியிருக்க வேண்டும்.

இறக்கம்

விறகு காட்டில் வீட்டுக்கு மேலே கிடைக்கும். அதைச் சுமந்து இறங்க வேண்டும். இறங்கும்போது வேலை செய்வது புவியீர்ப்புதான். நாம் செய்யும் வேலை எதிர்க்குறி பெறும். அப்படியானால் விறகு சுமப்பது இலாபமா?

1952ஆம் ஆண்டு இலண்டனில் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். நிலையாக நிறுத்திய இரண்டு மிதிவண்டிகளை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் மிதிக்க வேண்டும். மற்றவர் அந்த மிதியைத் தடுக்க வேண்டும். இருவர் காலிலும் விசை ஒன்றே, வேகமும் ஒன்றே. ஆனால் தடுப்பவருக்குச் செலவான ஆக்சிஜன், மிதிப்பவருக்குச் செலவானதைவிடப் பன்மடங்கு குறைவு. செயல்விளக்கத்தின்போது உருவில் சிறிய பெண் ஒருவர் எளிதாகத் தடுக்க, பெரிய ஆண் ஒருவர் மிதித்துக் களைத்துப் போனார்.

ஆக, இறங்குவதில் மூச்சு வாங்காது என்பது உண்மை. ஆனால் தடுக்கும் தசை, சுருங்க முயலும்போதே நீட்டப்படுகிறது. அதில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. மலையிலிருந்து இறங்கிய மறுநாள் தொடை வலிப்பது இதனால்தான். படி இறங்கும்போது முழங்கால் மூட்டில் உடல் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் மேலான விசை விழுகிறது. தலையில் விறகுக் கட்டும் இருந்தால் கேட்க வேண்டாம்.

"ஏத்தம் மூச்சைக் கேக்கும், எறக்கம் முட்டியைக் கேக்கும்" என்பார் அம்மா. முப்பது ஆண்டுகள் கேட்டு முடித்துவிட்டது. இப்போது என் வீட்டில், தரைத் தளத்தில், இரண்டு படி ஏறுவதற்கும் அம்மா சுவரைப் பிடித்துக்கொள்கிறார். இந்தத் தேய்மானத்துக்கு ஜூல் கணக்கில் இடமே இல்லை.

அக்காவின் ஆறு குடம்

எங்கள் ஊரின் ஊற்று வீட்டுக்கு 60 மீட்டர் கீழே இருந்தது. ஒரு குடம் 15 லிட்டர். நாளைக்கு ஆறு குடம் வேண்டும். என்னைவிட ஆறு வயது மூத்த அக்காவின் பொறுப்பு அது.

ஒரு குடம் நீரை 60 மீட்டர் ஏற்ற 15 × 10 × 60 = 9,000 ஜூல். ஆறு குடத்துக்கு 54,000 ஜூல். யூனிட்டில் அறுபத்தேழில் ஒரு பங்கு!

போய்வர ஒரு நடைக்கு அரை மணி. காலையில் நான்கு, மாலையில் இரண்டு. மொத்தம் மூன்று மணி நேரம். பள்ளிக்கூடம் பக்கத்து ஊரில் இருந்தது. நான்காம் குடம் வீட்டுக்கு வரும்போது பள்ளியில் இரண்டாம் பாடம் நடந்துகொண்டிருக்கும். ஐந்தாம் வகுப்போடு அக்கா நின்றுவிட்டாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. எனக்குப் பெருக்கல் வாய்பாடு சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். அவள் குடம் எடுத்ததால் நான் நேரத்தோடு பள்ளிக்குப் போனேன்.

1992இல் எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்தது. ஊற்றருகே மோட்டார் வைத்து, மேட்டில் தொட்டி கட்டினார்கள். அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், 373 வாட். பாதி ஆற்றல் வீணானாலும் விநாடிக்கு 186 ஜூல் வேலை செய்யும். 54,000 ஜூலை முடிக்க 290 விநாடி. ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. ஒரு செய்தியைக் கவனியுங்கள்: மோட்டார் தன்னைத் தூக்கிக்கொண்டு ஏறுவதில்லை, நீரை மட்டும் ஏற்றுகிறது. அக்காவோ ஒவ்வொரு குடத்துக்கும் தன் உடலையும் சேர்த்து ஏற்ற வேண்டியிருந்தது.

முதல் நாள் குழாயில் தண்ணீர் வந்தபோது ஊரே கூடியிருந்தது. நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். அக்கா குடத்தை வைத்தாள். நிரம்பி வழிந்தது. வழிந்த நீரில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவுதானா தம்பி?" என்றாள். அடுத்த தை மாதம் அவளுக்குத் திருமணம். பள்ளிக்குப் போகும் வயது கடந்து போயிருந்தது.

மலை செய்யும் வேலை

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அங்கே நீர் குழாய் வழியே 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து இறங்கி வந்து சுழலியைச் சுற்றியது. அந்த மின்சாரம் கோவைக்கு வந்தது, பஞ்சாலைகளை ஓட்டியது.

ஒரு லிட்டர் நீர் 900 மீட்டர் இறங்கினால் 1 × 10 × 900 = 9,000 ஜூல். இந்த எண்ணை இப்போதுதான் பார்த்தோம் அல்லவா? அக்காவின் ஒரு குடம் நீர் 60 மீட்டர் ஏற வேண்டிய அதே ஆற்றல்! மலையில் ஒரு லிட்டர் நீர் கீழே இறங்கினால், இன்னொரு மலையில் ஒரு குடம் நீர் மேலே ஏறலாம். வழியில் ஏற்படும் இழப்புகளைச் சேர்த்தால் சற்றுக் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

இழப்போடு சேர்த்து ஒரு யூனிட்டுக்கு 500 லிட்டர் நீர் அப்படி இறங்க வேண்டும் என்று கொள்ளலாம். உங்கள் வீட்டில் இட்லிக்கு மாவரைக்கும் கிரைண்டர் 150 வாட் என்றால், அரை மணி ஓடினால் 0.075 யூனிட். ஏறத்தாழ இரண்டரைக் குடம் நீர் மலையிலிருந்து இறங்கி வந்து உங்கள் ஆட்டுக்கல்லைச் சுற்றிவிட்டுப் போகிறது! இன்று நமக்கு வரும் மின்சாரத்தில் நீர்மின்சாரம் ஒரு சிறு பங்கே. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, கூடங்குளத்து அணு உலை, முப்பந்தல் காற்று, வெயில் எனப் பல இடங்களிலிருந்து வருகிறது. எங்கிருந்து வந்தாலும் ஒன்று உறுதி. நகரத்தில் நாம் பொத்தானை அழுத்தியதும் வேலை மறைந்துவிடவில்லை. வேறு எங்கோ, வேறு எதுவோ, வேறு யாரோ அதைச் செய்கிறார்கள். ஆற்றல் அழிவின்மை விதி சொல்வதும் இதைத்தான்.

அந்த மாணவனுக்குப் பதில்

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். இருபதில் ஒரு யூனிட்டுக்கா அவ்வளவு கூலி?

மறுநாள் நான் வாயால் பதில் சொல்லவில்லை. கொத்தனாரிடம் அனுமதி பெற்று, விருப்பமுள்ள மாணவர்களைச் செங்கல் ஏற்ற அழைத்துச் சென்றேன். கேள்வி கேட்ட மாணவன்தான் முதலில் வந்தான். அந்த அம்மாவே சும்மாடு சுற்றிக் கொடுத்து, கழுத்தை எப்படி நிறுத்த வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். இரண்டு நடை ஏறினான். இரண்டாவது முறை பலகையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான். சிறிது நேரம் கழித்து, "இன்னும் எழுபத்தெட்டு" என்றான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

80 நடை, 9 மீட்டர் வீதம், 720 மீட்டர். அதாவது அந்த அம்மா எங்கள் கல்லூரிக்குள்ளேயே தினம் ஒருமுறை எங்கள் ஊர் மலையை ஏறி இறங்குகிறார். என் அம்மா வாரம் ஒருமுறைதான் ஏறினார்.

கேள்வியில் இருந்த பிழை இதுதான். ஜூல் அளப்பது செங்கல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதை. சுமந்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதை அது அளப்பதில்லை. கூலி ஜூலுக்காகக் கொடுப்பது அல்ல. ஒரு மனிதர் தம் வாழ்நாளில் ஒரு நாளையும், தம் முழங்காலில் ஒரு பகுதியையும் கொடுக்கிறாரே, அதற்காக. அந்தக் கணக்கில் பார்த்தால் அது பெரிய கூலியே அல்ல.

ஆனால் அந்தச் சின்ன எண்ணுக்கும் ஒரு பொருள் உண்டு. அதை நீங்கள் மறக்கக் கூடாது. அரைக்கால் யூனிட், அறுபத்தேழில் ஒரு பங்கு யூனிட் என்று வருகிறதே, இயந்திரத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஒரு சதுர மீட்டர் சூரியப் பலகை நல்ல வெயிலில் 200 வாட் தரும். அக்காவின் ஆறு குடத்தைப் பத்து நிமிடத்தில் ஏற்றிவிடும். இவ்வளவு சிறிய வேலைக்காக ஒரு பெண்ணின் படிப்பு போக வேண்டுமா? இன்னும் எந்த மலையிலாவது, எந்தச் சந்திலாவது ஒரு பெண் குடத்தோடு நடந்து பள்ளிக்குத் தாமதமாகிறாள் என்றால், அதற்கு ஆற்றல் பற்றாக்குறை காரணம் அல்ல. நம் கவனக் குறைவுதான் காரணம்.

"இயந்திரம் வந்தால் சித்தாளின் கூலி போய்விடாதா?" என்றும் நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தலையிலிருந்து இறங்கும் சுமை வயிற்றில் ஏறக் கூடாது. அவருக்கு வேறு தொழில் கற்பதற்கும், அவர் பிள்ளைகள் படிப்பதற்கும் அந்த நேரம் பயன்பட வேண்டும். இதற்கு இயற்பியல் மட்டும் போதாது. ஆனால் இயற்பியல் இல்லாமலும் முடியாது.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் பள்ளி மாடிப்படி ஒன்றின் உயரத்தை அளந்து, எத்தனை படி என்று எண்ணி, மொத்த உயரத்தைக் கணக்கிடுங்கள். உங்கள் எடையைக் குறித்துக்கொண்டு சாதாரண வேகத்தில் ஏறுங்கள். எத்தனை விநாடி ஆயிற்று என்று நண்பர் பார்க்கட்டும். எடை (கிலோகிராம்) × 10 × உயரம் (மீட்டர்) ÷ நேரம் (விநாடி). வருவது வாட் கணக்கில் உங்கள் திறன். 200 வாட்டுக்கு மேல் வந்தால் வியப்படைய வேண்டாம். சில விநாடிக்கு அது எளிது. அதே வேகத்தில் எத்தனை முறை ஏற முடிகிறது என்று பாருங்கள்.

பிறகு உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகிறது என்று மீட்டரைப் பார்த்துக் குறியுங்கள். நாள் முழுதும் உழைக்கும் ஒருவர் தரக்கூடியது 0.6 யூனிட். உங்கள் வீட்டுச் செலவை இதனால் வகுத்தால், உங்களுக்காகக் கண்ணுக்குத் தெரியாமல் எத்தனை ஆட்கள் உழைக்கிறார்கள் என்று தெரியும். அந்த எண்ணைச் சுவிட்சுக்கு மேலே எழுதி ஒட்டி வையுங்கள். ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் கை தானாக அதை நிறுத்தும்.

சென்ற மாதம் அக்கா பேத்தியோடு வந்திருந்தாள். பேத்தி ஒன்பதாம் வகுப்பு. 'வேலை' பாடத்தில் ஒரு கணக்கு வரவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தாள். 15 கிலோகிராம் நீரை 60 மீட்டர் உயர்த்தும் கணக்கை நான் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மனத்துக்குள்ளேயே பெருக்கி, எங்கள் இருவருக்கும் முன்னால் விடையைச் சொன்னாள்.